பால் டப்பாவுக்குள்ளே எட்டிப் பார்க்கலாமா?

சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் ஊருக்கே தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. 2010-ல் அங்கிருந்து நிஸான் மைக்ரா என்று ஒரு சின்னக் கார் புறப்பட்டது. 2012-ல் ரெனோ பல்ஸ் என்று இன்னொரு சின்னக் கார் புறப்பட்டது. இரண்டுக்கும் ஒரே ஆலை, ஒரே ஆட்கள். உள்ளே இருந்ததும் ஒரே கார்தான்! முன்னால் ஒட்டிய சின்னமும் பம்பரும்தான் வேறு. அது போதாதென்று, 2012-ல் வந்த ரெனோ டஸ்டரின் முகத்தை மறு வருஷமே கொஞ்சம் திருத்தி, டெரானோ என்று பேர் வைத்து, விலையையும் ஏற்றி நிஸான் ஷோரூமில் நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், லைனில் நின்று போல்ட் முடுக்கியவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதெல்லாம் பால பாடம். சுங்குவார்சத்திரத்தில் ஐபோனைக் கோத்துப் பெட்டியில் போடுவது ஃபாக்ஸ்கான். பெட்டி மேலே ஆப்பிள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் செய்த அதே கட்டடத்தில், 2014-ல் பூட்டு விழுந்து சில வருஷம் கழித்து, சால்காம்ப் வந்து சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. பேர் ஒருத்தருடையது, கை இன்னொருத்தருடையது என்பது இங்கே ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்குகிறவருக்கும் தெரியும்.

அந்த ஆளுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும். தாய்ப்பால் போதவில்லை என்றோ, அம்மா வேலைக்குத் திரும்புகிறார் என்றோ டாக்டர் பால் பவுடர் எழுதிக் கொடுக்கட்டும். மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்கும்போது, கற்ற வித்தை அத்தனையும் காற்றில் போய்விடும். “அண்ணே, இருக்கிறதிலேயே நல்லதா, விலை ஜாஸ்தியா இருந்தாலும் பரவாயில்ல, அதைக் குடுங்க!”

சரி, அந்தக் கவுன்டருக்குப் பின்னால் போவோமா? வாங்க, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க.

கடையின் அலமாரியை முதலில் பாருங்கள். நெஸ்லேயின் லாக்டோஜனும் நேனும் அக்கா தங்கையாகப் பக்கத்தில் பக்கத்தில். ஒரே கம்பெனி, ஆனால் எடைக்கு எடை பார்த்தால் விலை கிட்டத்தட்ட இரு மடங்கை நெருங்கும். டனோனின் டெக்ஸோலாக் ஒரு பக்கம். அது வாக்ஹார்ட் வீட்டில் வளர்ந்து, 2012-ல் டனோன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது. அப்பாட்டின் சிமிலாக் ஒரு பக்கம். கீழ்த் தட்டில் அமுல்ஸ்ப்ரே, எந்த அலட்டலும் இல்லாமல்.

இதில் எது காணவில்லை? கடையின் சொந்தப் பேர்! சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் பேரிலேயே துவரம்பருப்பு விற்கின்றன, பினாயில் விற்கின்றன. மருந்துக்கடைச் சங்கிலிகள் சொந்தப் பேரில் டயப்பரே விற்கின்றன. ஆனால் கைக்குழந்தைக்கான பால் டப்பாவைக் கடைப் பேரில் நம் ஊர் அலமாரியில் பார்ப்பது அரிது.

ஏன் என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். கடைப் பேர் சரக்கு ஓடுவது இரண்டு காலில்: 'இங்கே பாருங்க, மலிவு!' என்ற கூவல், 'ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ' என்ற வலை. பால் டப்பா விஷயத்தில் இந்தியச் சட்டம் இரண்டு காலையும் கட்டிப்போட்டுவிட்டது. 1992-ல் நிறைவேறி 1993 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்து 2003-ல் இன்னும் இறுக்கப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருள் சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் மாற்றுக்கு விளம்பரமே கூடாது என்கிறது. மாதிரிப் பாக்கெட் கொடுக்கக் கூடாது. பரிசு கூடாது. டாக்டருக்கோ நர்ஸுக்கோ கம்பெனி எதையும் நீட்டக் கூடாது. மீறினால் மூன்று வருஷம் வரை சிறை. 'எல்லாப் பொருளுக்கும் தள்ளுபடி' என்று பலகை மாட்டிய மெடிக்கல் ஷாப்பில் பில்லை உற்றுப் பாருங்கள். பல இடங்களில் பால் டப்பா வரியில் மட்டும் தள்ளுபடி இருக்காது. கடைக்காரர் கஞ்சன் இல்லை, பாவம்!

டப்பாவில் குழந்தைப் படமும் போடக் கூடாது, அம்மா படமும் கூடாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொழுகொழு குழந்தையை இன்றைக்கும் 'அமுல் பேபி' என்றுதானே கொஞ்சுகிறோம்? 1960களின் தொடக்கத்தில், அமுல் பால் பவுடர் விளம்பரத்துக்காக நூற்றுக்கணக்கான குழந்தைப் போட்டோக்களை அலசித் தேர்ந்தெடுத்த அந்த முதல் அமுல் பேபி யார் தெரியுமா? சஷி தரூரின் தங்கை ஷோபா தரூர்! இன்று அதே குழந்தை அதே டப்பாவில் சிரித்தால் கம்பெனிக்காரர் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

கடைப் பேர் டப்பாவைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் கொஞ்சம் அமெரிக்கா வரை வாருங்கள். அங்கே வால்மார்ட்டுக்கு 'பேரன்ட்ஸ் சாய்ஸ்', டார்கெட்டுக்கு 'அப் அண்ட் அப்' என்று கடைக்குக் கடை சொந்த டப்பா. அவற்றின் பின்பக்கம் நம் ஒரகடத்துக் கதையேதான்: பெரிகோ என்ற ஒரே கம்பெனி பல கடைகளுக்கும் செய்து கொடுத்து, அவரவர் லேபிளை ஒட்டி அனுப்புகிறது. பெரிகோ வாங்கிப் போட்ட பி.பி.எம். என்ற கம்பெனிதான் இந்த வியாபாரத்தின் மூலவர். அந்த பி.பி.எம்., என்ஃபாமில் தயாரிக்கும் மீட் ஜான்சனைக் கோர்ட்டுக்கு இழுத்தது. கடைப் பேர் டப்பாவில் குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது இல்லை என்ற தொனியில் மீட் ஜான்சன் விளம்பரம் செய்ததுதான் வழக்கு. 2009-ல் ஜூரி சொன்ன தீர்ப்பு: விளம்பரம் பொய், எடுத்து வை 1 கோடியே 35 லட்சம் டாலர்! அப்பீலிலும் அது நின்றது.

பிரிட்டனில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பே பால் டப்பா விலையை ஆராய உட்கார்ந்தது. 2025 பிப்ரவரியில் வந்த அறிக்கையின் சாரம்: சந்தையில் இருக்கும் எல்லா டப்பாவும் குழந்தைக்கு வேண்டிய சத்தைத் தந்தாக வேண்டும் என்பதே சட்டம்; விலை குறைந்த பிராண்டுக்கு மாறினால் முதல் வருஷத்தில் சுமார் 300 பவுண்டு மிச்சம். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவின் கண்ணில் பிராண்டு பேரே படாத வெற்று லேபிளில் டப்பா கொடுத்தால் என்ன என்றும் அந்த அறிக்கை யோசனை சொன்னது. அடடா, மொட்டை டப்பா! விளம்பரக் கம்பெனிகள் எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்திருப்பார்களோ.

இனிதான் முக்கியக் காட்சி. டப்பாவுக்குள்ளே இருக்கும் பொடி எங்கே, எப்படிப் பிறக்கிறது?

முதலில் ஓர் ஏமாற்றம். காரும் போனும் டயரும் கண்ணாடியும் லாரியும் புல்லட்டும் செய்து உலகத்துக்கே அனுப்பும் இந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் நெடுஞ்சாலைக்கு, குழந்தைப் பால் டப்பா வெளியூரிலிருந்துதான் வருகிறது. நெஸ்லேயின் மோகா ஆலை பஞ்சாபில், 1961 முதல். சமால்கா ஆலை ஹரியானாவில். டனோன் ஆலை பஞ்சாபின் லால்ருவில். அமுல், சொல்லவே வேண்டாம், குஜராத். ஒரகடம் சந்திப்பில் கார் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் டிரெய்லருக்கு எதிரே, பால் டப்பா ஏற்றிய லாரி தெற்கே வருகிறது!

இப்படிப்பட்ட ஆலைக்குள் வெளியாளை விடுவது அபூர்வம். ஆனால் உள்ளே பொறிகள் ஓடும் முறையில் ஒளிவு மறைவு இல்லை. உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே முறைதான். எனவே கற்பனையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு வலை, வாய்க்கு மாஸ்க். செருப்பை மாற்று, கையைக் கழுவு, அடுத்த கதவில் மறுபடி செருப்பை மாற்று. போன் லைனில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சடங்கு அத்துப்படி.

பசும்பால் வந்து இறங்குகிறது. அதை அப்படியே குழந்தைக்குக் கொடுக்க முடியாது. பசும்பாலில் 100 மி.லி.க்கு 3 கிராமுக்கு மேல் புரதம். தாய்ப்பாலில் 1 கிராம் சுற்றி. இனிப்பான லாக்டோஸோ தலைகீழ்: தாய்ப்பாலில் 7 கிராம், பசும்பாலில் 5-க்கும் கீழே. புரதத்தின் ரகமும் வேறு. பசும்பால் புரதத்தில் 80 சதவீதம் கேசீன், அதாவது தயிராகி இறுகும் சாதி. தாய்ப்பாலில் வே எனப்படும் இளகிய சாதிக்குத்தான் ஆட்சி. ஆக, ஆலையின் முதல் வேலை பாலை உடைத்து மறுபடி கட்டுவது. கொழுப்பை எடு, தாவர எண்ணெய்க் கலவையைச் சேர். வே புரதத்தைக் கூட்டு, லாக்டோஸைக் கூட்டு, இரும்பு, துத்தநாகம், வைட்டமின் பட்டியலைச் சேர். பிறகு எண்ணெய்த் துளி பிரியாதபடி அழுத்தத்தில் நொறுக்கு.

அடுத்தது ஆவியாக்கி. வெற்றிடத்தில் கொதிக்கவைத்து, தண்ணீரில் பெரும்பகுதியை விரட்டி, பாலைக் கெட்டியாக்குகிறார்கள். பிறகு அந்தக் கெட்டிப்பால் பல மாடி உயரக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறுகிறது. கோபுரம் என்றால் நிஜமாகவே கோபுரம், எஃகுக் கோபுரம்! உச்சியில் நுண்ணிய துளைகள் வழியே பாலைப் பீய்ச்சுகிறார்கள். சுற்றிலும் 180 டிகிரி வாக்கில் கொதிக்கும் காற்று. உள்ளே மார்கழி மூடுபனி இறங்குகிறது, தரையைத் தொடுவதற்குள் பொடியாகிவிடுகிறது. சில விநாடிதான். அத்தனை சூட்டில் பால் கருகாதா? கருகாது. துளியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். துகள் அவ்வளவாகச் சுடுவதே இல்லை. இந்த இடத்தில் நான் கைதட்டிவிட்டேன், நீங்களும் தட்டலாம்.

இந்தக் கோபுரத்துக்கு இரண்டு எதிரிகள். முதல் எதிரி தீப்பொறி. பால் பொடி காற்றில் மிதந்தால் வெடிக்கும்! ஆமாம், பாப்பா குடிக்கிற பால்தான். அதனால் கோபுரத்தில் வெடிப்பு அழுத்தம் வெளியேறத் தனிக் கதவு, புகையை மோப்பம் பிடிக்கும் கருவி எல்லாம் உண்டு. இரண்டாவது எதிரி, நம்பினால் நம்புங்கள், தண்ணீர். பொடியாகிவிட்ட பிறகு வரும் அறைகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைக் கூடிய மட்டும் தவிர்க்கிறார்கள். உறிஞ்சியும் துடைத்துமே சுத்தம் செய்கிறார்கள். க்ரோனோபாக்டர் என்று ஒரு கிருமி. வறண்ட பொடியில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், ஈரம் பட்டால் பெருகும். பச்சிளம் குழந்தையின் மூளையையே தாக்கக்கூடியது. 2022-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஸ்டர்ஜிஸ் நகரில் அப்பாட் தன் ஆலையை மூடி டப்பாக்களைத் திரும்பப் பெற்றது இந்தக் கிருமி விவகாரத்தில்தான். நாடு முழுக்க அலமாரிகள் காலியாகி, கடைசியில் ராணுவம் அமர்த்திய விமானத்தில் ஐரோப்பாவிலிருந்து பால் பவுடர் வந்து இறங்கியது. பெரிய பேர், பெரிய கம்பெனி. கிருமி லேபிளைப் படிப்பதில்லை.

கடைசியில் சல்லடை, உலோகம் கண்டுபிடிக்கும் கருவி, டப்பாவுக்குள் காற்றை விரட்டி நைட்ரஜன், மேலே மூடி, உள்ளே கரண்டி. முடிந்தது!

இந்தியாவில் இது நடந்த கதையில் நம் ஊர் வாசனையும் உண்டு. அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன் பிறந்தது கோழிக்கோடு; ஆனால் பள்ளிப் படிப்பு கோபிசெட்டிபாளையம், கல்லூரி லயோலா, அப்புறம் கிண்டி பொறியியல் கல்லூரி. ஸ்ரீபெரும்புதூர் பஸ் போகிற வழிதான்! எருமைப்பாலைப் பொடியாக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்ன காலத்தில், அவருடைய கூட்டாளி எச்.எம்.தலாயா செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று ஆனந்தில் அந்த ஆலையைத் திறந்துவைத்தவர் நேரு. எருமைப்பாலில் கொழுப்பும் அதிகம், கேசீனும் அதிகம். குழந்தை வயிற்றில் கல்லாக இறுகும். அதைக் குழந்தைக்கு ஒத்துவரும்படி பக்குவப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தது மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். அதை வைத்துத்தான் 1960களில் அமுல் குழந்தைப் பால் பவுடர் வீடுகளுக்குள் வந்தது. சுவிட்சர்லாந்துக்குப் போய் நெஸ்லேக்காரர்களோடு பேசியபோது, கண்டென்ஸ்டு மில்க் செய்யும் நுட்பத்தையெல்லாம் உள்ளூர்க்காரர்கள் கையில் விட முடியாது என்கிற பேச்சு வந்ததாகவும், மேஜையைத் தட்டிவிட்டு வெளியே வந்ததாகவும் குரியன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 'வெளிநாட்டுப் பேர் என்றால் ஒசத்தி' என்ற நினைப்புக்கு அப்போதே வயசாகியிருந்தது.

சரி, லாக்டோஜனுக்கும் நேனுக்கும் நடுவே, அல்லது எந்த மலிவு டப்பாவுக்கும் ஆடம்பர டப்பாவுக்கும் நடுவே, அந்தக் கூடுதல் காசு எங்கே போகிறது? கொஞ்சம் வே புரதத்துக்கு. கொஞ்சம் டி.ஹெச்.ஏ. எனும் கொழுப்புக்கு; அது மீன் எண்ணெயிலிருந்தோ, தொட்டியில் வளர்க்கும் நுண்பாசியிலிருந்தோ வருகிறது. அதன் ஜோடியான ஏ.ஆர்.ஏ. பூஞ்சையிலிருந்து. கொஞ்சம் ஹெச்.எம்.ஓ. என்ற சர்க்கரைச் சங்கிலிக்கு. தாய்ப்பாலில் இயற்கையாக இருக்கும் இந்தச் சரக்கை, மரபணு மாற்றிய பாக்டீரியாவை நொதிக்கவிட்டு ஆலையில் செய்கிறார்கள். கேட்கவே கிறுகிறுக்கிறது, இல்லையா? ரொம்ப அழகான விஞ்ஞானம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பலன்? டி.ஹெச்.ஏ. பற்றி நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு 2017-ல் சொன்னது: மாசம் நிறைந்து பிறந்த குழந்தைகளில் பெரும்பாலான சோதனைகள் நன்மையும் காட்டவில்லை, கெடுதலும் காட்டவில்லை. ஐரோப்பாவோ 2020-லிருந்து அதைக் கட்டாயமே ஆக்கிவிட்டது. பெரியவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. கையில் காசு இருந்தால் வாங்கலாம், குற்றமில்லை. இல்லையென்றால் பிள்ளைக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டதாக மனசு குமைய வேண்டியதில்லை. அடிப்படைச் சத்துக்கு இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் வெளியிட்ட விதிகள் இருக்கின்றன; 'இன்ஃபன்ட் ஃபார்முலா' என்று பேர் போட்டு விற்கிறவர் மலிவோ ஆடம்பரமோ அந்தக் கோட்டுக்குள் நின்றே ஆக வேண்டும். உலக அளவிலான கோடெக்ஸ் உணவுத் தர விதியும் அப்படித்தான்: கரைத்த பாலில் 100 மி.லி.க்கு 60 முதல் 70 கலோரி, அந்தக் கலோரிக்குத் தகுந்த அளவில் புரதம், கொழுப்பு என்று எல்லாவற்றுக்கும் எல்லை வகுத்திருக்கிறது.

இந்த நெடுஞ்சாலைக் குடும்பங்களுக்காக ஒரு கணக்குப் போடுகிறேன், பேப்பர் எடுங்கள். நாலைந்து மாதக் குழந்தை, பவுடர் பாலை மட்டுமே நம்பியிருந்தால், ஒரு நாளைக்கு 800 மி.லி. வாக்கில் குடிக்கும். 100 மி.லி.க்கு 13, 14 கிராம் பொடி. ஒரு நாளைக்கு 100 கிராமைத் தாண்டும். 400 கிராம் பெட்டி நாலு நாள் நிற்காது. மாதம் எட்டுப் பெட்டி! கான்ட்ராக்ட் சம்பளம், ரூம் வாடகை, ஊருக்கு அனுப்புவது போக, எட்டு ஆடம்பரப் பெட்டி யார் வீட்டில் தாங்கும்?

தாங்காதபோது என்ன நடக்கிறது? பெட்டியை மாற்ற மாட்டார்கள். கரண்டியைக் குறைப்பார்கள். மூணு கரண்டி போட வேண்டிய இடத்தில் ரெண்டு. 'கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கட்டும், சளி பிடிக்காது' என்று ஒரு சமாதானம். இதுதான் என்னைப் பதறவைக்கிற இடம். ஆலையில் நுணுகி நுணுகி அளந்து சேர்த்த கலோரியும் புரதமும் இரும்பும் சமையலறையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. குழந்தையின் பிஞ்சு சிறுநீரகத்துக்கு அந்த உபரித் தண்ணீரும் சுமை. ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகலாம். பேர் பெற்ற டப்பாவை நீர்க்கக் கரைப்பதைவிட, விலை குறைந்த ஃபார்முலாவை அளவு மாறாமல் கரைப்பது ஆயிரம் மடங்கு மேல். இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கரண்டியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு டப்பாவின் கரண்டி 30 மி.லி. தண்ணீருக்கு, இன்னொன்றில் 60 மி.லி.க்கு என்றும் உண்டு. டப்பா மாற்றும்போது பழைய கரண்டியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், செல்லத்துக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். தலை தட்டித்தான் அளக்க வேண்டும். அமுக்கவும் கூடாது, கோபுரமாகக் குவிக்கவும் கூடாது. தண்ணீர் முதலில், பொடி பிறகு. நான் மேலே சொன்ன கிருமிக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு வழி சொல்கிறது: கொதித்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பொடியைக் கரைத்து, பிறகு குடிக்கும் சூட்டுக்கு ஆறவிடு, இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடு. புட்டி கழுவச் சரியான வசதி இல்லாத ரூமா? நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே போதும். மூலை முடுக்கு கிடையாது, ஒரு நிமிஷத்தில் கழுவிக் கொதிக்கவைத்து எடுத்துவிடலாம்.

டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் லைனில் கியூ.சி. பார்த்தவர்களுக்குத் தானாக வரும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா? எந்த வயதுக்கு? விற்கிறவர் யார், தயாரித்தவர் யார், ஊர் எது? பல ஆலைகள் உள்ள கம்பெனி என்றால் பாட்ச் எண்ணின் எழுத்தை வைத்து எந்த ஆலை என்று கண்டுபிடிக்கும் குறிப்பும் சிலவற்றில் இருக்கும். அதைத் துப்பறிவதில் தனி ஆனந்தம்! பிறகு சேர்மானப் பட்டியல். கைக்குழந்தைக்கான ஃபார்முலாவில் லாக்டோஸ் இருப்பது இயல்பு. சர்க்கரை, சுக்ரோஸ் என்று தனியாகப் போட்டிருந்தால் அந்த டப்பாவை மறுபடி அலமாரியில் வையுங்கள். சுக்ரோஸைத் தவிர்க்கச் சொல்வது கோடெக்ஸ். மலிவு டப்பாவில்தான் இது இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு, நெஸ்லேயின் செரிலாக்கில் இந்தியாவில் சேர்த்த சர்க்கரை சுவிட்சர்லாந்தில் விற்றதில் இல்லை என்று போட்டு உடைத்தது. அது ஆறு மாதத்துக்கு மேல் ஊட்டும் கூழ் வகைதான், பால் டப்பா இல்லை. ஆனாலும் பேரைப் பார்த்து மட்டும் வாங்குகிறவர்களுக்கு அந்தச் செய்தி நல்ல குட்டு.

இவ்வளவும் பேசினாலும் டப்பா இரண்டாம் பட்சம்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதில் எந்த டாக்டருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அதற்கு இந்த நெடுஞ்சாலை இடம் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், அம்மா நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். சட்டத்தில் இருக்கிறது. 2015-ல் ஜெயலலிதா அரசு பஸ் நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்தபோது, நாடே திரும்பிப் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் முடிந்தது கம்பெனிக்குள் முடியாதா? ஒரு பூட்டுப் போட்ட அறை, ஒரு நாற்காலி, பாலைப் பீய்ச்சி வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ். ஒரு ரோபோ கையின் விலையில் இப்படி எத்தனை அறை வரும் என்று ஹெச்.ஆர். மேனேஜர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் குழந்தைப் பால் பவுடருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. எம்.ஆர்.பி.யில் அது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த தடவை குழந்தை டாக்டர் சீட்டில் ஒரு பேரை எழுதினால், கூச்சப்படாமல் கேளுங்கள்: “டாக்டர், மாசம் எட்டுப் பெட்டி ஆகுது. இதைவிட விலை கம்மியா, என் பிள்ளைக்கு ஒத்துவர்ற ஃபார்முலா எது?” மாசம் நிறைந்து பிறந்த, வேறு கோளாறு இல்லாத குழந்தை என்றால் பெரும்பாலும் ஒரு பதில் இருக்கும். குறைமாதக் குழந்தை, ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் மட்டும் அவர் எழுதியதையே வாங்குங்கள்.